திருத்தப்பட்ட 'விண்டோஸ்' நிறுவல்கள்: சிறு கடைக் கணினிகளில் மறைந்திருக்கும் ஆபத்துகளும் தற்காப்பு வழிகளும்

கொச்சி: பழைய கணினியை வேகமாக்கித் தருவதாகக் கூறி இணையத்தில் பகிரப்படும் 'லைட்' வகை விண்டோஸ் பதிப்புகளும், உரிமம் இல்லாத மென்பொருளை உரிமம் உள்ளதுபோல் காட்டும் 'ஆக்டிவேட்டர்' நிரல்களும் வீடுகளிலும் சிறு கடைகளிலும் தாராளமாகப் புழங்குகின்றன. உருவாக்கிய நிறுவனத்தின் அனுமதியின்றி யாரோ ஒருவரால் திருத்தப்பட்டு மறுவிநியோகம் செய்யப்படும் இத்தகைய இயங்குதளங்கள் வங்கிக் கணக்கு, அடையாள ஆவணங்கள், கடவுச்சொற்கள் ஆகியவற்றைக் களவாட வழிவகுக்கக்கூடும் என்பதை உலகின் பல பகுதிகளில் நடந்த நிகழ்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன.

கேரள மாநிலம் எர்ணாகுளம் மாவட்டத்தில், கொச்சி மாநகராட்சிக்கு உட்பட்ட மட்டாஞ்சேரி வட்டாரத்தில் அமைந்துள்ள சுள்ளிக்கல் போன்ற நெருக்கமான பகுதிகளில் இந்தப் பிரச்சினைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தட்டச்சு, நகலெடுப்பு, இணைய விண்ணப்பம், பயணச்சீட்டு முன்பதிவு போன்ற சேவைகளை ஒரே கணினியில் வழங்கும் சிறு கடைகளை நம்பியே இத்தகைய பகுதிகளில் பலர் அரசு அலுவல்களை முடித்துக்கொள்கின்றனர். ஆதார், பான், குடும்ப அட்டை, கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் அந்தக் கணினி வழியாகவே செல்கின்றன. எனவே, அங்கு நிறுவப்பட்டுள்ள இயங்குதளம் நம்பகமற்றது என்றால் பாதிப்பு கடைக்காரரோடு நின்றுவிடாது. அவரை நம்பி ஆவணத்தைக் கொடுத்த ஒவ்வொருவரையும் அது சென்றடையும்.

இந்த விவகாரம் தொடர்பான அடிப்படைத் தகவல்கள் வருமாறு:

இப்போது இது ஏன் முக்கியம்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. அதன்பின் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைபாடுகளுக்கான இலவச ஒட்டுகள் சாதாரண விண்டோஸ் 10 கணினிகளுக்குக் கிடைப்பதில்லை. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளும் தனிநபர் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வழங்கப்படும் என அந்நிறுவனம் அறிவித்தது.

2021 அக்டோபர் 5-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 11 இயங்குதளத்துக்கு டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு, பாதுகாப்பான துவக்க வசதி, குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், நிறுவனம் அங்கீகரித்த செயலி ஆகியவை தேவை. இன்டெல் செயலிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையவை இந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. இதனால், நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் பல கணினிகள் அதிகாரபூர்வ மேம்பாட்டுக்குத் தகுதியற்றவை ஆகிவிட்டன.

புதிய கணினி வாங்கப் பணமில்லாதவர்களுக்கு, இந்த நிபந்தனைகளை நீக்கிவிட்டதாகக் கூறும் திருத்தப்பட்ட பதிப்புகள் எளிய தீர்வாகத் தோன்றுகின்றன. சிக்கல் தொடங்கும் இடமும் அதுவே.

'திருத்தப்பட்ட இயங்குதளம்' என்றால் என்ன?

இயங்குதளத்தை நிறுவுவதற்கான முழுத் தொகுப்பு பொதுவாக 'ஐஎஸ்ஓ' எனப்படும் ஒரே கோப்பாக வழங்கப்படுகிறது. அதைப் பிரித்து, சில பகுதிகளை நீக்கி, வேறு சிலவற்றைச் சேர்த்து மீண்டும் அதே வடிவில் கட்டிவிட முடியும். பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினிகளுக்கென இவ்வாறு தொகுப்பு தயாரித்துக்கொள்வது வழக்கமான நடைமுறைதான். முன்பின் அறியாத ஒருவர் தயாரித்த தொகுப்பை, அதில் என்ன மாற்றப்பட்டுள்ளது என்று தெரியாமலேயே நிறுவிக்கொள்வதுதான் ஆபத்து.

இத்தகைய தொகுப்புகளில் பெரும்பாலும் மூன்று வகை மாற்றங்கள் காணப்படுகின்றன. முதலாவது, வேகத்தைக் கூட்டுவதற்காக விண்டோஸின் உள்ளமைந்த வைரஸ் தடுப்பு நிரலையும் தானியங்கிப் புதுப்பிப்பையும் நீக்குவது. இரண்டாவது, உரிமச் சோதனையை ஏமாற்றும் நிரலை முன்கூட்டியே சேர்த்துவிடுவது. மூன்றாவது, பயனருக்குத் தெரியாமல் தீநிரலைப் புகுத்துவது. முதல் இரண்டு மாற்றங்களைத் தயாரிப்பவர்கள் வெளிப்படையாகவே விளம்பரப்படுத்துகின்றனர். மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. முதல் இரண்டும் காவலை அகற்றிவிடுவதால் மூன்றாவது நுழைவதற்குக் கதவு திறந்தே கிடக்கிறது.

வைரஸ் தடுப்பு நிரல் காப்பாற்றாதா?

எந்தப் பாதுகாப்பு நிரலும் இயங்குதளத்தின் மீது அமர்ந்தே வேலை செய்கிறது. எந்தக் கோப்பு இருக்கிறது, எந்த நிரல் ஓடுகிறது என்பதை அது இயங்குதளத்திடம்தான் கேட்டறிகிறது. இயங்குதளமே மாற்றப்பட்டிருந்தால் தவறான பதிலே அதற்குக் கிடைக்கக்கூடும். அடித்தளத்தில் விரிசல் இருக்கும் வீட்டின் மேல்மாடிக்கு மட்டும் பூட்டுப் போடுவதைப் போன்றது இது.

மேலும், நம்பகமான சான்றிதழ்களின் பட்டியல் இயங்குதளத்துக்குள்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதில் போலிச் சான்றிதழ் ஒன்று சேர்க்கப்பட்டால், போலி வங்கி இணையதளம்கூட உலாவியில் பூட்டுக் குறியுடன் பாதுகாப்பானதாகவே தோற்றமளிக்கலாம். இணைய முகவரிகளை வேறிடத்துக்குத் திருப்பும் உள்கோப்பும் அவ்வாறே மாற்றப்படலாம்.

உலகில் நடந்தவை

2012: சீனாவின் பல நகரங்களில் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 20 கணினிகளைக் கடைகளில் வாங்கிச் சோதித்தனர். போலி விண்டோஸ் நிறுவப்பட்டிருந்த அவற்றில் 4 கணினிகளில் விற்பனைக்கு முன்பே தீநிரல் இருந்தது. அதில் ஒன்றான 'நிடோல்' கணினிகளைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் வலையமைப்பின் பகுதியாகும். அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க நீதிமன்ற உத்தரவின் பேரில் அந்த வலையமைப்பு முடக்கப்பட்டது.

2018: இந்தியா உட்பட 9 ஆசியச் சந்தைகளில் 166 புதிய கணினிகளை வாங்கி மைக்ரோசாப்ட் ஆய்வு செய்தது. அவற்றில் 83 சதவீதக் கணினிகளில் திருட்டு மென்பொருள் நிறுவப்பட்டிருந்ததாகவும், அவ்வாறு திருட்டு மென்பொருள் இருந்த கணினிகளில் 84 சதவீதத்தில் ஏதேனும் ஒரு வகைத் தீநிரல் இருந்ததாகவும் அது தெரிவித்தது. உரிமம் விற்பதில் நேரடி ஆதாயமுள்ள நிறுவனத்தின் ஆய்வு இது என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். எனினும், தொடர்பற்ற பிற ஆய்வாளர்களின் கண்டுபிடிப்புகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன.

2021: உரிமச் சோதனையை ஏமாற்றப் பயன்படும் 'கேஎம்எஸ்பிகோ' என்ற நிரலின் பெயரில் பகிரப்பட்ட தொகுப்புடன், 'கிரிப்ட்பாட்' என்ற தகவல் திருடும் தீநிரலும் சேர்ந்து வந்ததை 'ரெட் கேனரி' என்ற பாதுகாப்பு நிறுவனம் டிசம்பரில் வெளியிட்டது. உலாவிகளில் சேமிக்கப்பட்ட தகவல்களையும் மின்னாணயப் பணப்பைகளையும் அது குறிவைத்தது. இத்தகைய நிரல்களை நிறுவும்போது வைரஸ் தடுப்பை அணைத்துவிடுமாறு பயனருக்கே அறிவுறுத்தப்படுவது வழக்கம்.

2022: உக்ரைன் மொழித் தொகுப்புடன் கூடிய விண்டோஸ் 10 நிறுவல் கோப்புகள் டோரண்ட் தளங்களில் பகிரப்பட்டதையும், அந்நாட்டு அரசு அமைப்புகளின் கணினிகள் அவற்றால் பாதிக்கப்பட்டதையும் 'மேண்டியன்ட்' நிறுவனம் டிசம்பரில் வெளிப்படுத்தியது. தானியங்கிப் புதுப்பிப்பையும் உரிமச் சோதனையையும் முடக்கியிருந்த அந்தக் கோப்புகள், கணினியைப் பற்றிய தகவல்களை வெளியே அனுப்பின. குறிப்பிட்ட இலக்குகள் சிக்கியதும் அவற்றில் கூடுதல் பின்கதவுகள் நிறுவப்பட்டன.

2023: டோரண்ட் வழியாகப் பகிரப்பட்ட சில விண்டோஸ் 10 தொகுப்புகளில் மின்னாணயம் திருடும் தீநிரல் இருந்ததை ரஷ்யாவின் 'டாக்டர் வெப்' நிறுவனம் ஜூனில் அறிவித்தது. பயனர் நகலெடுக்கும் பணப்பை முகவரியைத் திருடனின் முகவரியாக அது மாற்றிவிடும். கணினி துவங்குவதற்கான 'இஎஃப்ஐ' பகுதியில் அது ஒளிந்திருந்தது. வழக்கமான சோதனையில் அதிகம் பார்க்கப்படாத பகுதி அது. சுமார் 19 ஆயிரம் அமெரிக்க டாலர் மதிப்புள்ள மின்னாணயம் இவ்வாறு திருடப்பட்டதாக அந்நிறுவனம் கணக்கிட்டது.

கேரளம் கற்ற பாடம்

புதுப்பிப்பு இல்லாத இயங்குதளம் என்ன விலை கேட்கும் என்பதைக் கேரளம் 2017 மே மாதத்தில் நேரடியாகக் கண்டது. அந்த மாதம் 12-ஆம் தேதி பரவத் தொடங்கிய 'வானாகிரை' என்ற பணம்பறிக்கும் தீநிரல் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. வார விடுமுறைக்குப் பின் 15-ஆம் தேதி அலுவலகங்கள் திறக்கப்பட்டபோது, வயநாடு மாவட்டம் தரியோடு, பத்தனம்திட்டா மாவட்டம் அருவாப்புலம் ஆகிய கிராமப் பஞ்சாயத்து அலுவலகங்களின் கணினிகள் பூட்டப்பட்டிருப்பது தெரியவந்தது. கோப்புகளை விடுவிக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கோரும் அறிவிப்பு திரையில் தோன்றியது. மறுநாள் தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகக் கணினிகளிலும் பாதிப்பு கண்டறியப்பட்டது. ரயில் இயக்கம் பாதிக்கப்படவில்லை.

அந்த அலுவலகங்களில் திருத்தப்பட்ட விண்டோஸ் இருந்தது என்பது இதன் பொருளல்ல. கவனிக்க வேண்டியது காலவரிசையே. வானாகிரை பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் ஒட்டை மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. தாக்குதலுக்கு முன் ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் இருந்தது. ஒட்டைப் பெற்றுக்கொண்ட கணினிகள் தப்பின, பெறாதவை சிக்கின. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7 கணினிகள் என 'காஸ்பர்ஸ்கை' நிறுவனம் பின்னர் தெரிவித்தது. தானியங்கிப் புதுப்பிப்பு நீக்கப்பட்ட 'லைட்' பதிப்பை நிறுவுபவர், ஒட்டைப் பெறாத கணினியின் நிலையைத் தாமாகவே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்.

கைபேசியும் தொலைக்காட்சிப் பெட்டியும் விதிவிலக்கல்ல

ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் உற்பத்தியாளர் தராத இயங்குதளத்தை நிறுவ முடியும். அதற்கு முதலில் துவக்கப் பூட்டைத் திறக்க வேண்டும். அவ்வாறு திறக்கப்பட்ட கைபேசியில், இயங்குதளம் மாற்றப்படவில்லை என்பதைத் துவக்கத்தின்போதே உறுதிசெய்யும் காவல் வலுவிழந்துவிடுகிறது. வங்கிச் செயலிகள் பல இத்தகைய கைபேசிகளில் இயங்க மறுப்பதற்கு இதுவே காரணம்.

மலிவு விலை ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிப் பெட்டிகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. அங்கீகாரம் பெறாத சில பெட்டிகளின் இயங்குதளத்திலேயே தீநிரல் கலந்திருப்பது 2023-இல் வெளியானது. 'பேட்பாக்ஸ் 2.0' என்ற வலையமைப்பு குறித்து அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2025 ஜூனில் பொதுமக்களை எச்சரித்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சாதனங்களை உள்ளடக்கிய அந்த வலையமைப்பை இயக்குவோர் மீது கூகுள் நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் வழக்குத் தொடர்ந்தது. இவ்வாறு சிக்கிய பெட்டி, உரிமையாளருக்குத் தெரியாமலேயே அவரது வீட்டு இணைய இணைப்பைப் பிறரின் குற்றச் செயல்களுக்கு வாடகைக்கு விடும் கருவியாகிவிடுகிறது.

லினக்ஸும் திருத்தப்பட்டதுதானே?

திருத்தப்படுவது மட்டுமே குற்றமன்று. கேரள அரசின் 'கைட்' நிறுவனம் பள்ளிக் கணினிகளுக்காக வழங்கும் இயங்குதளம் உபுண்டு லினக்ஸைத் திருத்தி உருவாக்கப்பட்டதே. 2019-இல் இரண்டு லட்சம் கணினிகளில் அதன் புதிய பதிப்பை நிறுவியபோது, உரிமக் கட்டணமாகச் செல்லக்கூடிய சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என அந்நிறுவனம் கூறியது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

இவற்றுக்கும் முகம் தெரியாதவரின் விண்டோஸ் தொகுப்புக்கும் உள்ள வேறுபாடு மூன்று. இவற்றின் மூலநிரலை எவரும் பார்க்கலாம். திருத்துவதற்குச் சட்டப்படி உரிமை உண்டு. தவறு நேர்ந்தால் பதில் சொல்ல ஒரு நிறுவனம் இருக்கிறது.

இருப்பினும், நம்பகமான இடத்திலும் எச்சரிக்கை தேவை. 2016 பிப்ரவரி 20-ஆம் தேதி லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள் ஊடுருவிய ஒருவர், பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த போலித் தொகுப்புக்குத் திருப்பிவிட்டார். கோப்பின் உண்மைத்தன்மையைச் சோதிக்க உதவும் சரிபார்ப்பு எண்ணும் மாற்றப்பட்டிருந்தது. எனவே, அதே பக்கத்தில் தரப்படும் எண்ணை மட்டும் ஒப்பிடுவது போதாது. உருவாக்குநரின் மின்னணுக் கையொப்பத்தையும் சரிபார்க்க வேண்டும் என்பதே அந்நிகழ்வு உணர்த்திய பாடம்.

சட்டம் சொல்வது என்ன?

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி, உரிமம் மீறிய கணினி நிரல் எனத் தெரிந்தே அதைப் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 50 ஆயிரம் ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். வணிக நோக்கமின்றிப் பயன்படுத்தப்பட்டிருந்தால், சிறைத் தண்டனையைத் தவிர்த்து 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கடையில் வருமானத்துக்காக இயங்கும் கணினிக்கு இந்தச் சலுகையை எதிர்பார்க்க இயலாது.

பிறர் கணினியில் நச்சுநிரலைப் புகுத்துவது 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின் கீழ் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றமாகும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுள்ளன. படிப்படியாக நடைமுறைக்கு வரும் அச்சட்டம், தரவைக் கையாளும் அமைப்புகள் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

கணினியில் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

* அமைப்புகள் பகுதியில் விண்டோஸ் புதுப்பிப்பு காணப்படாமலோ, திறக்க மறுத்தாலோ ஐயம் கொள்ள வேண்டும்.
* உள்ளமைந்த வைரஸ் தடுப்பு நிரல் நீக்கப்பட்டிருப்பதும், மீண்டும் இயக்க முடியாதிருப்பதும் முக்கிய அறிகுறியாகும்.
* வீட்டுக் கணினியில், 'உங்கள் நிறுவனத்தின் சேவை வழியாகச் செயல்படுத்தப்பட்டது' என்ற பொருளில் உரிமத் தகவல் தோன்றுவது இயல்பானதன்று. போலி ஆக்டிவேட்டர் பயன்படுத்தப்பட்டிருக்க வாய்ப்புண்டு.
* இயங்குதளத்தின் பெயரோடு அறிமுகமில்லாத நபரின் பெயரோ, 'லைட்', 'கேமர்' போன்ற அடைமொழியோ இணைந்திருந்தால் அது திருத்தப்பட்ட பதிப்பாகும்.

எந்த அறிகுறியும் இல்லை என்பதால் கணினி தூய்மையானது என முடிவு செய்துவிட முடியாது. நிறுவிய கோப்பு எங்கிருந்து வந்தது என்பதே இறுதி அளவுகோல்.

என்ன செய்ய வேண்டும்?

ஐயத்துக்குரிய கணினியில் வங்கிப் பரிவர்த்தனையை உடனே நிறுத்த வேண்டும். ஆவணங்கள், படங்கள் போன்ற சொந்தக் கோப்புகளை மட்டும் வெளிச் சேமிப்பகத்தில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். நிறுவல் கோப்புகளையும் நிரல்களையும் எடுத்துச் செல்லக் கூடாது. நம்பகமான வேறொரு கணினியில், உருவாக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே நிறுவல் கோப்பைப் பதிவிறக்கிப் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். நிறுவும்போது 'சி' பகுதியை மட்டும் ஃபார்மேட் செய்யாமல், அந்த வட்டிலுள்ள எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே பாதுகாப்பானது. இதைச் செய்யும் முன் எல்லாச் சொந்தக் கோப்புகளும் நகலெடுக்கப்பட்டுவிட்டனவா என்பதை இருமுறை உறுதிசெய்துகொள்வது அவசியம்.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. விண்டோஸ் 8 காலம் முதல், விண்டோஸுடன் விற்கப்பட்ட பெரும்பாலான மடிக்கணினிகளில் உரிம எண் தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டுள்ளது. அத்தகைய கணினியை இரண்டாம் கையாக வாங்கியிருந்தாலும், அதே வகைப் பதிப்பை அதிகாரபூர்வக் கோப்பிலிருந்து நிறுவினால் உரிமம் தானாகவே செயல்படும். செலவின்றி உண்மையான பதிப்பைப் பெற வழியிருந்தும், பழுதுபார்ப்பவர் போட்டுக் கொடுத்த போலிப் பதிப்போடு காலம் தள்ளுவோர் உண்டு. கணினியைச் சரிசெய்யக் கொடுக்கும்போது, எந்தக் கோப்பிலிருந்து நிறுவப்போகிறீர்கள் என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

விண்டோஸ் 11-க்குத் தகுதியற்ற பழைய கணினிகளுக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் போன்றவை கட்டணமற்ற, முறையாகப் புதுப்பிக்கப்படும் மாற்றுகளாகும். தட்டச்சு, இணையம், மின்னஞ்சல் ஆகியவற்றுக்கு அவை போதுமானவை. எனினும் கடைகளில் பயன்படும் அச்சுப்பொறி, கைரேகைக் கருவி, கணக்கு மென்பொருள் ஆகியவை அவற்றில் இயங்குமா என்பதை நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்து முடிவு செய்யலாம்.

புதிய இயங்குதளம் நிறுவிய பின், அல்லது தூய்மையான வேறொரு சாதனத்திலிருந்து, மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். பழைய கணினியிலேயே மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் திருடரைச் சென்றடையும்.

பணம் பறிபோனால்

தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனடியாக அழைக்க வேண்டும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் பதிவு செய்யலாம். வங்கிக்கும் அதே நேரத்தில் தகவல் தெரிவிக்க வேண்டும். 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கி, வாடிக்கையாளர் இருவர் மீதும் தவறில்லாத மூன்றாம் தரப்பு மோசடியில், வங்கியின் அறிவிப்பு கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் புகார் அளித்தால் வாடிக்கையாளருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை. தாமதம் கூடக் கூட அவரது பொறுப்பும் கூடும். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பாக இருப்பின், வங்கிக்குத் தகவல் தெரிவிக்கும் வரையிலான தொகையை அவரே ஏற்க நேரிடும்.

பாதிக்கப்பட்ட கணினியைத் தூய்மைப்படுத்துவதற்கான இலவசக் கருவிகளை, மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம் வழங்கி வருகிறது. எனினும், இயங்குதளமே திருத்தப்பட்டதாக இருந்தால் இத்தகைய கருவிகளை மட்டும் நம்பியிராமல், அதை முழுமையாக நீக்கிவிட்டு அதிகாரபூர்வப் பதிப்பை நிறுவுவதே உறுதியான தீர்வாகும்.